நோயாளர் வாகனத்தின் வெள்ளோட்டம்

வருத்தக்காரரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போக ஊருக்கு ஒரு வாகனம் வாங்குவது என்று எங்கள் ஒன்றியம் முடிவெடுத்தபோது, அது எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு வருத்தக்காரரிடமும் கேட்கவில்லை. கேட்கிற வழக்கம் இல்லை. இலந்தைப்புலம் மக்கள் மேம்பாட்டு ஒன்றியத்துக்கு ரொறன்ரோவில் ஒரு கிளை, லண்டனில் ஒரு கிளை, பாரிசில் ஆளையாள் கோபித்துப் பிரிந்ததில் இரண்டு கிளை உண்டு. எல்லோரும் நல்ல சுகதேகிகள். வாகனத்தைப் பற்றி அவர்கள்தான் கதைத்தார்கள்.

பக்கத்து ஊர் பனிச்சையடியில் ஒரு வெள்ளை வான் இருக்கிறது. உள்ளே படுக்கை இருக்கிறது, ஒட்சிசன் சிலிண்டர் இருக்கிறது, கூப்பிட்டால் வரும். பார்க்க ஒரு வடிவும் இல்லாத வான். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் எங்கள் தலைவர் கனகரத்தினம் மெலிந்துபோனார். அவர் ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி. பதவி போன பிறகும் குரல் போகவில்லை.

"அவங்கள் வான் வாங்கினால் நாங்களும் வான் வாங்கிறதோ? அப்ப அவங்களுக்கும் எங்களுக்கும் என்ன வித்தியாசம்?" என்று பொதுக்கூட்டத்தில் கேட்டார். எல்லோருடைய கண்ணும் வாசலில் இருந்தது. வடையும் தேத்தண்ணீரும் வருகிற நேரம் அது.

ரொறன்ரோக் கிளைத் தலைவர் சுபாங்கன் கைப்பேசியில் தேடி ஒரு காரைக் கண்டுபிடித்தார். கொழும்பில் யாரோ வைத்திருந்து விற்கப் பார்த்துக்கொண்டிருந்த ஜப்பான் கார். முன்னுக்கு நின்று பார்த்தால் ஜீப் மாதிரி உயரம். பக்கத்தில் நின்று பார்த்தால் கார். பின்னுக்குப் போனால் கூரை, மாட்டுக்கொட்டிலுக்குப் பத்தி இறக்கினதுபோலச் சரிந்துகொண்டே போய்க் கீழே முடிந்துவிடும். ஜீப் என்று நினைத்து வாங்கினவனுக்குச் சாமான் ஏற்ற இடம் இல்லை. கார் என்று நினைத்து வாங்கினவனுக்கு எண்ணெய் கட்டுப்படியாகவில்லை. கடைசியில் கம்பனிக்காரனே வெறுத்துப்போய் அந்த மாதிரியைச் செய்வதை நிறுத்திவிட்டான். உலகத்தில் ஒருவருக்கும் வேண்டாத வாகனத்தை எங்கள் ஊர் தேடிப் பிடித்து, மாலை போட்டு, மேளத்தோடு கூட்டிவந்தது.

வரவேற்பு விழாவில் தலைவர் முழங்கினார்:

"பேரன்புக்குரிய ஊர் மக்களே! இந்த வாகனத்தைத் தயாரிப்பதைக் கம்பனி நிறுத்திவிட்டது. இதன் பொருள் என்ன? நாளைக்குப் பனிச்சையடி தலைகீழாக நின்றாலும் இதை வாங்க முடியாது! இதற்கு உதிரிப்பாகம் கிடைக்காது என்று சில விசமிகள் கதைக்கிறார்கள். ஓடினால்தானே ஐயா தேயும்? தேய்ந்தால்தானே உதிரிப்பாகம்? நாங்கள் இதைக் கண்ணுக்குள் வைத்துக் காப்போம். சேவை என்பது ஓடித் திரிவது அல்ல. சேவை என்பது ஓர் அடையாளம்!"

கைதட்டல் அடங்க வெகுநேரம் எடுத்தது. எல்லாரையும் விடப் பலமாகத் தட்டியவர் தம்பிராசா. பாவம், அவர் விளங்காமல் தட்டினார்.

தம்பிராசா தோட்டத்தில் வெங்காயம் பயிரிடுகிற மனிசன். மேடையில் இருந்து யார் எதைச் சொன்னாலும் அது தன் நன்மைக்குத்தான் என்று நம்புகிறவர். அவருடைய மனைவி குணலட்சுமிக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யாது. தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் மெசினில் படுத்து இரத்தம் சுத்தம் செய்தால்தான் உயிர். ஒரு முறை தவறினால் கால் வீங்கும், அடுத்தது நெஞ்சில் நீர் கோர்க்கும், அதற்கு அடுத்ததை டொக்டர் சொல்லவில்லை. சந்தியில் ஓட்டோ ஓடும் ஜெனிஸ்ரன் குருநகர்க் கத்தோலிக்கப் பெடியன், எங்கள் ஊரில் கல்யாணம் கட்டி இருக்கிறவன். அவன்தான் அவளை ஏற்றிப் போய்வருவான். ஆனால் தண்ணீர்க் குழாய் புதைக்க றோட்டை எல்லாம் கிண்டிப் போட்டிருக்கிறார்கள். ஓட்டோ தூக்கித் தூக்கிப் போட, திரும்பி வரும் வழியில் அவள் இரண்டு தரம் மயங்கிவிட்டாள். படுக்க வைத்துக் கொண்டுவரச் சொல்லி டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

தம்பிராசா தலைவரிடம் போனார். வாகனம் அப்போது கோயில் வீதியில், தேர் நிற்கிற தேர்முட்டிக்குப் பக்கத்தில், அதற்கென்றே மாபிள் பதித்துக் கட்டிய கண்ணாடிக் கொட்டகைக்குள் நின்றது. தலைவர் வாகனத்துக்குள் இருந்து, அதன் வானொலியில் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். பின்னேரம் பின்னேரம் அப்படி இருந்து செய்தி கேட்பதற்கு வாகனப் பராமரிப்பு என்று பெயர்.

"ஐயா, குணத்தை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோகவேணும். வாகனத்தை ஒருக்கால் விடுவியளோ?"

தலைவர் கண்ணாடியைப் பாதி இறக்கினார். புழுதி உள்ளே வந்துவிடும் என்று முழுக்க இறக்கவில்லை.

"தம்பிராசா, வாகனம் இன்னும் சேவைக்கு விடேல்லை. வெள்ளோட்டம் முடியவேணும். சுபாங்கன் லீவெடுத்து வரவேணும். வராமல் விட்டால் பாரிஸ்காரர் வந்து நாடா வெட்டிப்போடுவினம், அது பெரிய பிரச்சினையாப் போயிடும்."

"எப்ப ஐயா வருவார்?"

"அங்கை பனி, சினோ கொட்டுது, அது முடியவேணும். அதுவரைக்கும் வருத்தத்தை ஒரு கட்டுப்பாட்டிலை வச்சிருக்கச் சொல்லும்."

தம்பிராசா வீட்டுக்கு வந்து அதை அப்படியே மனைவியிடம் சொன்னார். குணலட்சுமி களைப்புக்குள்ளும் சிரித்தாள். "கண்டறியாத கார்! வாங்கினவங்கள் ஒருக்கால் உதுக்குள்ளை படுத்துப் பாத்தவங்களோ எண்டு கேட்டனீங்களே?"

தம்பிராசா போய்க் கேட்டார். அங்கேதான் வினை தொடங்கியது. அதுவரை ஒருவரும் படுத்துப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரிப் படுக்கை ஒன்றை வாங்கிவந்து பின்கதவால் தள்ளினார்கள். தலைமாடு உயர்ந்த படுக்கை, கூரையோ சரிவு. தலை பின்னுக்கு வந்தால் மூக்கு கூரையில் முட்டியது. செயலாளர் நிருஷனைப் படுக்க வைத்துப் பார்த்ததில் அவனுக்கு நெற்றியில் காயம். ஆகவே தலை முன்னுக்கும் கால் பின்னுக்கும் என்று தீர்மானித்தார்கள். நல்ல தீர்மானம். அப்போது கோயில் குருக்கள் தொண்டையைச் செருமினார்.

"தெல்லிப்பழை எங்களுக்கு எந்தத் திக்கு?"

வடக்கு. வாகனம் வடக்கே போனால் முன்னுக்கு இருக்கிற தலையும் வடக்கே இருக்கும். வடக்கே தலை வைத்துப் படுக்கலாமோ? அதுவும் வருத்தக்காரர்? ஒன்றியம் ஒரு உபகுழுவை அமைத்தது. உபகுழு நன்கு ஆராய்ந்து, வாகனம் ஆஸ்பத்திரிவரை பின்பக்கமாகவே ஓடுவது என்று பரிந்துரைத்தது. வருத்தக்காரரின் தலை தெற்கே பார்க்கும். சாத்திரத்துக்கும் குறைவில்லை, மருத்துவத்துக்கும் குறைவில்லை. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. சுபாங்கன்தான் ரொறன்ரோவில் இருந்து குழப்பினார்.

"காங்கேசன்துறை வீதியாலை றிவேசிலை போறதோ? பனிச்சையடியான் வீடியோ எடுத்துப் போடமாட்டானே?"

விபத்து வரும், ஆள் சாகும் என்ற யோசனை எவருக்கும் வரவில்லை. வீடியோ வரும் என்ற யோசனை உடனே வந்தது. ஈற்றில் படுக்கையைக் கழற்றிப் பனிச்சையடிக்கே விற்றுவிட்டு, வருத்தக்காரரைப் பின்சீற்றில் குறுக்கே படுக்க வைப்பதென்று முடிவாயிற்று.

பிறகு கண்ணாடிப் பிரச்சினை. எங்கள் ஊரில் கோயிலுக்கு ஒரு மின்விசிறி கொடுத்தாலும் அதன் மூன்று தகட்டிலும் பெயர் எழுதாவிட்டால் காற்று வராது. இது கார். காசு தந்த அத்தனை பேரின் பெயரும் வர வேண்டும். சரிந்த பின்கண்ணாடி மேலே இருந்து படம் எடுக்கிற ட்ரோனுக்கு நன்றாகத் தெரியும் என்று நிருஷன் வாய் தவறிச் சொல்லிவிட்டான். அதற்கு லண்டனும் ரொறன்ரோவும் அடிபட்டன. பாரிசின் இரண்டு கிளையும் அந்தக் கண்ணாடிக்காகவே ஒன்று சேர்ந்தன, கிடைக்காததால் மறுபடி பிரிந்தன. முடிவில் பின்கண்ணாடி, பக்கக் கண்ணாடிகள், முன்கண்ணாடியின் அரைவாசி எல்லாம் பெயர். சாரதிக்கு ஸ்ரியறிங்குக்கு மேலே ஒரு சாண் அகலத்தில் உலகம் தெரிந்தது. அவர் மனுக் கொடுத்தார். "நீர் என்ன ஊர் பார்க்கவோ போறீர்?" என்று தலைவர் திருப்பிக் கேட்டார்.

இத்தனைக்கும் நடுவில் குணலட்சுமி அந்தக் கிண்டிப்போட்ட றோட்டால் ஓட்டோவில் போய்வந்துகொண்டிருந்தாள். ஒரு முறை மழைக்குப் போகவில்லை. கால் உரல்போல வீங்கி, இரவு முழுக்க இருந்தபடியே மூச்சு வாங்கினாள். டொக்டர் தம்பிராசாவை வெளியே கூப்பிட்டு, "இனி ஒருக்காலும் தவறவிடக் கூடாது, நேரம் பிந்தவும் கூடாது," என்று சொல்லி அனுப்பினார்.

சுபாங்கன் வந்தார். வெள்ளோட்டத்துக்கு நாள் வைத்தார்கள். வெள்ளோட்டத்துக்கு ஒரு வருத்தக்காரர் தேவைப்பட்டார். தலைவரே தம்பிராசாவின் வீட்டு வாசல் படலையில் வந்து நின்றார்.

"உம்மடை மனிசிதான் முதல் பயனாளி. காலமை ஓட்டோவை வரவேண்டாமெண்டு சொல்லிப்போடும். ஓட்டோவிலை போனால் எங்களுக்கு மரியாதை இல்லை."

"ஐயா, எட்டரைக்கு மெசினிலை விடவேணும்."

"அதெல்லாம் காத்து மாதிரிப் போகலாம். ஜப்பான் வாகனம்."

குணலட்சுமிக்குப் பிடிக்கவில்லை. ஆனால் படுத்துக்கொண்டு போகலாம், மயங்கி விழாமல் வரலாம் என்று தம்பிராசா கெஞ்சினார். "சரி, உங்கடை ஆசைக்கு," என்றாள்.

விடிய ஏழு மணிக்கு அவளை வாகனத்துக்குள் குறுக்கே படுக்க வைத்து, இடப்பக்கமாகத் தலையணை வைத்து, கதவைச் சாத்தினார்கள். கொட்டகைக்குள் வாகனம் தெற்கே பார்த்து நின்றதால் தலை கிழக்கே. குருக்கள் தலையை ஆட்டினார். பிறகு பேச்சுகள் தொடங்கின. நிருஷன் கைப்பேசியைக் கம்பில் கட்டித் தூக்கிப் பிடித்திருந்தான். பல தேசத்திலும் பார்க்கிறார்களாம். சுபாங்கன் தமிழில் தொடங்கி, அழுது, ஆங்கிலத்தில் முடித்தார். தலைவர் ஒன்றியத்தின் வரலாற்றைச் சங்ககாலத்தில் இருந்து எடுத்தார். தம்பிராசா மேடைக்குக் கீழே நின்று மணிக்கூட்டைக் காட்டினார். தலைவர் அதைப் பார்த்துவிட்டு, "எங்கள் பயனாளியின் கணவர் நேரத்தின் அருமை பற்றிச் சைகை செய்கிறார். ஆம்! நேரம் பொன்னானது. இதைப் பற்றி ஒரு சம்பவம் சொல்லி..." என்று தொடர்ந்தார்.

நாடா வெட்டியானது. தேங்காய் உடைத்தானது. சாரதி ஏறி இருந்து பொத்தானை அமத்தினார். வாகனம் இருமக்கூட இல்லை. மறுபடி அமத்தினார். பற்றரி செத்துக் கிடந்தது. இத்தனை மாதமாகத் தலைவர் கேட்ட செய்தி எல்லாம் அதில் இருந்துதான் வந்தது.

"வேறை ஒரு பற்றரி கொண்டுவந்து மாட்டுவம்," என்றது ஒரு குரல்.

"லைவ் போகுது! பனிச்சையடியான் பாத்துக்கொண்டிருப்பான்," என்று நிருஷன் பல்லைக் கடித்தான்.

"தள்ளுங்கோ," என்றார் தலைவர்.

சனம் தள்ளப் போனது. கைவைத்தால் பெயர்கள் கசங்கும் என்று லண்டன் கிளைக்காரர் மறித்தார். அப்போதுதான் யாரோ ஒரு புண்ணியவான் தேர்முட்டியைத் திறந்து வடத்தை இழுத்துவந்தான். நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். யார் என்று இன்றுவரை பிடிபடவில்லை. வடத்தைக் கண்டதும் ஆம்பிளைகளுக்கு என்ன வந்ததோ தெரியாது. சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டினார்கள். செருப்பைக் கழற்றினார்கள். மேளகாரர் சும்மா நின்றவர்கள்தானே, அடித்தார்கள். "அரோகரா!" என்று ஒரு சத்தம். வாகனம் கொட்டகையை விட்டு அசைந்து வெளியே வந்தது. சனத்துக்குக் கண்ணீர் வந்தது. எனக்கும் வந்தது, அது வேறு காரணம்.

தெற்கு மூலைக்கு வந்தார்கள். நேரே போனால் காங்கேசன்துறை வீதி, அங்கே ஏறினால் ஆஸ்பத்திரி. வலக்கைப் பக்கம் திரும்பினால் தெற்கு வீதி. வடத்தைப் பிடித்த கால்களுக்குத் தெரிந்தது ஒரே ஒரு பாதை. வலக்கைப் பக்கம் திரும்பின.

"ஐயோ, உங்காலை இல்லை! நேரை! நேரை விடுங்கோ!" தம்பிராசா முன்னுக்கு ஓடிக் கையை விரித்தார்.

"அண்ணை, விசரே உங்களுக்கு? வடம் பிடிச்சால் நாலு வீதியும் சுத்தித்தான் விடவேணும். பாதியிலை நிண்டால் ஊருக்குக் கூடாது."

"உள்ளை அவளுக்கு மூச்சு முட்டும்!"

"அரோகரா!"

தெற்கு வீதியில் வீட்டுக்கு வீடு நிறைகுடம் வைத்துவிட்டார்கள். எப்படித்தான் அவ்வளவு கெதியாக வைத்தார்களோ! ஆள் ஏலாமல் கிடந்தால் எட்டிப் பார்க்காத வீடெல்லாம் அர்ச்சனைத் தட்டோடு படலையில் நின்றது. ஒவ்வொரு படலையிலும் சில்லுக்குக் கட்டை வைத்து வாகனத்தை நிறுத்தி, முன்பக்கப் பொனற்றுக்குச் சந்தனம் பூசி, கற்பூரம் காட்டினார்கள். தம்பிராசா ஜெனிஸ்ரனுக்குக் கைப்பேசியில் கோல் எடுத்தார். அவன் பறந்து வந்தான். வீதி மூலையில் தொண்டர்கள் கயிறு கட்டி மறித்துவிட்டார்கள். தேர் வீதியில் நிற்கும்போது வாகனங்கள் உள்ளே வரக் கூடாது.

"அது கார் அண்ணை, தேர் இல்லை," என்று ஜெனிஸ்ரன் சொல்லிப் பார்த்தான்.

"உமக்கு எங்கடை சமயம் விளங்காது," என்றார்கள்.

மேற்கு வீதி கடந்து வடக்கு வீதிக்கு வந்தபோது குருக்கள் திடீரென்று கையைத் தூக்கினார். மேளம் நின்றது. அவர் வானத்தைப் பார்த்தார், வாகனத்தைப் பார்த்தார். வாகனம் இப்போது கிழக்கே போகிறது. அப்படியென்றால் குறுக்கே படுத்திருப்பவரின் தலை வடக்கே.

வாகனத்தை நிறுத்திக் கதவைத் திறந்து, மூச்சுக்கு அந்தரிக்கிற மனிசியை எழுப்பித் தலைமாடு கால்மாடு மாற்றிப் படுக்க வைத்தார்கள். தம்பிராசா அவளை இறக்கப் பாய்ந்தார். "நடுவீதியிலை இறக்கக் கூடாது" என்று நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். அதைப் படம் பிடித்த நிருஷன், "கணவர் உணர்ச்சிவசப்பட்டு நன்றி சொல்கிறார்," என்று லைவில் விளக்கம் கொடுத்தான். கதவு சாத்தப்பட்டது. அரோகரா.

வாகனம் நாலு வீதியும் சுற்றிக் கொட்டகைக்கு முன்னால் வந்து நின்றபோது வெயில் ஏறிவிட்டது. தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்தார். "இலந்தைப்புலத்தின் முதலாவது நோயாளர் சேவை இனிதே நிறைவெய்தியது. நோயாளியை எந்தச் சேதமும் இல்லாமல் ஏற்றிய இடத்திலேயே கொண்டுவந்து சேர்த்திருக்கிறோம்!" பூ எறிந்தார்கள்.

தம்பிராசா கதவைத் திறந்தார். குணலட்சுமி கண்ணை மூடியபடி கிடந்தாள். உதடு கறுத்திருந்தது. அவருடைய கையைத் தடவிப் பிடித்துக்கொண்டு, மெல்லக் கேட்டாள்: "ஆசுப்பத்திரி வந்திட்டுதோ?"

"இல்லையப்பா," என்றார் தம்பிராசா. "நாங்கள் இன்னும் வெளிக்கிடேல்லை."

அவர் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார். கயிற்றை ஜெனிஸ்ரன் அறுத்தெறிந்தான், ஒருவரும் அவனைத் தடுக்கவில்லை, பிரசாதம் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். கிண்டிப்போட்ட றோட்டால் ஓட்டோ போனது. ஆஸ்பத்திரியில் இறக்கியபோது மூச்சு நூலில் தொங்கியது. நெஞ்சில் இருந்து நீரை எடுத்து, ஒரு கிழமை வைத்திருந்து, உயிரோடு திருப்பித் தந்தார்கள். எங்கள் ஒன்றியத்தின் கெட்டிக்காரத்தனம் அவ்வளவையும் மீறி அவள் பிழைத்துவிட்டாள்.

அவள் வீட்டுக்கு வந்த பின்னேரமே தலைவர் கனகரத்தினம் தட்டில் கோயில் மரியாதைக் காளாஞ்சி வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். குணலட்சுமி கதிரையில் சாய்ந்திருந்தாள். அவள் எப்படி இருக்கிறாள் என்று அவர் கேட்கவில்லை.

"பிள்ளை, ஒரு சந்தோசமான செய்தி. வெள்ளோட்டத்தை லட்சக்கணக்கிலை சனம் பாத்திருக்கு. இனி வருசா வருசம் இதே நாளிலை வாகனம் இழுக்கிறதெண்டு தீர்மானிச்சிருக்கிறம். உள்ளை படுக்கிற உரிமையை உம்மடை குடும்பத்துக்கே எழுதிப்போட்டம். உமக்குப் பிறகு பிள்ளையளுக்கு. வேறை எந்த வருத்தக்காரர் வந்து கேட்டாலும் விடமாட்டம்."

தம்பிராசா காளாஞ்சித் தட்டை வாங்கினார். வாசலுக்குப் போய், வெற்றிலையும் பழமும் தேங்காயும் எல்லாமாக வேலிக்கு வெளியே வீசினார். திரும்பி வந்து வெறும் தட்டைத் தலைவரின் கையில் கொடுத்தார்.

"ஐயா," என்றாள் குணலட்சுமி. மூச்சை எடுத்து எடுத்துத்தான் கதைத்தாள். "உங்கடை உரிமை எனக்கு வேண்டாம். நீங்களும் வயசு போன மனிசன். வீட்டிலை ஆருக்கும் ஒண்டெண்டால் ஜெனிஸ்ரன்ரை நம்பர் இருக்கு, வேணுமெண்டால் தாறன்."

தலைவருடைய முகம் சிவந்தது. எழும்பினார். படலைவரை போனார். அங்கே நின்று றோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தார். ஒருவரும் இல்லை என்று கண்டதும் மெதுவாகத் திரும்பி வந்து, கைப்பேசியை எடுத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"அவன் இரவிலையும் வருவானோ, பிள்ளை?"